பழைய காரில் 'டொக் டொக்' சத்தம்: எப்போது வண்டியை நிறுத்தணும்?

செகண்ட் ஹேண்ட் கார் ஓட்டுறீங்களா? சத்தம் எப்போ வருதுன்னு முதல்ல கவனிங்க. காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'கீச்' என்று கேட்டு, ஏசி போட்டால் கூடுகிறதா? பெரும்பாலும் பெல்ட்தான், பெரிய செலவில்லை. மேல்பக்கம் லேசான 'டிக் டிக்' என்றால் டேப்பெட்டாக இருக்கலாம். ஆயில் குறைந்தாலும் அப்படிக் கேட்கும், டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்க.

பயப்பட வேண்டியது, ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது அடியிலிருந்து வரும் கனமான 'டொக் டொக்'. கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். கூடவே சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், 'வீடு வரைக்கும் போயிடலாம்'னு ஓட்டாதீங்க. ஆயில் பிரஷர் இல்லாமல் ஓடும் இன்ஜின் சில நிமிடங்களிலேயே ஜாம் ஆகலாம். ஓரங்கட்டி அணைத்துவிட்டு, டோயிங் வண்டியைக் கூப்பிடுங்க.

இனிமேல்தான் வாங்கப் போறீங்களா? ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பானெட்டைத் தொட்டுப் பாருங்க. சூடேறினால் சில சத்தங்கள் அடங்கிவிடும்; அது விற்பவருக்கும் தெரியும்.