ஒரே பெயர், இரண்டு கார்டு

கடையில் போய் ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் கார்டு கேட்டால், கடைக்காரர் இரண்டு கார்டுகளில் எதை வேண்டுமானாலும் எடுத்து வைக்கலாம். இரண்டுமே என்விடியாவின் கார்டுதான், இரண்டின் பெயரும் 3050தான். ஒன்று 2022 ஜனவரியில் வந்த 8 ஜிபி கார்டு. மற்றது 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டு. இரண்டாவது கொஞ்சம் மலிவு. "மெமரி 2 ஜிபி குறைவு, அவ்வளவுதானே" என்று வாங்கிப் போகிறவர்கள்தான் அதிகம்.

விஷயம் அதோடு நிற்கவில்லை. 8 ஜிபி கார்டில் கணக்குப் போடும் அலகுகளான கூடா கோர்கள் 2,560 இருக்கின்றன, 6 ஜிபி கார்டில் 2,304. மெமரிக்கும் சிப்புக்கும் நடுவே தரவு ஓடும் பாதையின் அகலம் முதலாவதில் 128 பிட், இரண்டாவதில் 96 பிட். அதனால் நொடிக்கு 224 ஜிபி என்றிருந்த மெமரி வேகம் 168 ஜிபியாக இறங்கிவிட்டது. நான்கில் ஒரு பங்கு போயிற்று. அட்டைப்பெட்டியின் முகப்பில் பெரிதாகத் தெரிவது பெயரும் ஜிபி எண்ணும்தான். கோர் எண்ணிக்கையை அங்கே தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

இதற்காக 6 ஜிபி கார்டை மட்டம் என்று ஒதுக்கவும் முடியாது. அது 70 வாட்டில் ஓடுகிறது. மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்து வரும் மின்சாரமே அதற்குப் போதும், தனி ஒயர் தேவையில்லை. 8 ஜிபி கார்டுக்கு 130 வாட் வேண்டும், தனி மின் இணைப்பும் வேண்டும், 550 வாட் எஸ்எம்பிஎஸ் இருப்பது நல்லது என்று நிறுவனமே சொல்கிறது. அலுவலகத்தில் கழித்த பழைய டெஸ்க்டாப்பை வாங்கி வைத்திருக்கும் மாணவருக்கு 6 ஜிபி கார்டே பொருத்தம். அந்தப் பெட்டியில் பெரிய கார்டைத் திணித்து, இல்லாத இணைப்புக்கு மலிவான கன்வெர்ட்டர் ஒயரை மாட்டி அனுப்பும் வழக்கம் சில கடைகளில் இருக்கிறது. தாங்காத சுமை ஏறினால் ஒயர் உருகும், தீயும் பிடிக்கலாம். செயல்திறனில் ஏமாறுவதைவிட இது பெரிய ஆபத்து.

3050-ஐவிட மோசமான உதாரணம் ஜிடி 1030. 2017இல் வந்தபோது அதில் ஜிடிடிஆர்5 மெமரி இருந்தது, வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018இல் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்று வந்தது. அதன் வேகம் 16.8 ஜிபி. இரண்டிலும் அதே 384 கோர், அதே 2 ஜிபி. ஆனால் சில விளையாட்டுகளில் பிரேம் எண்ணிக்கை ஏறக்குறைய பாதிக்கு விழுந்துவிடுகிறது. போட்டி நிறுவனமான ஏஎம்டியும் சளைத்ததல்ல. 1,024 ஷேடர்களோடு (கூடா கோருக்கு ஈடான ஏஎம்டி அலகு) 2017இல் வந்த ஆர்எக்ஸ் 560, அந்த ஆண்டே 896 ஷேடர்களோடும் அதே பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் "ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி" என்பதும் உண்மையான 580 அல்ல. 580இல் 2,304 ஷேடர்கள் உண்டு. 2,048 என்பது 570இன் கணக்கு.

ஆகவே இரண்டு மலிவு கார்டுகளை ஒப்பிடும்போது ஜிபியைக் கடைசியில் பார்த்தால் போதும். 4 ஜிபி டிடிஆர்3 மெமரியோடு விற்கும் ஜிடி 730இல் அந்த 4 ஜிபி வெறும் அலங்காரம், அதை நிரப்பி ஓட்டும் திறன் அந்தச் சிப்புக்குக் கிடையாது. முதலில் மெமரியின் வகையைப் பாருங்கள், பிறகு பிட் அகலம், பிறகு கோர் எண்ணிக்கை. ஒரே தலைமுறைக் கார்டுகளுக்குள் மட்டும்தான் கோர் ஒப்பீடு செல்லும். கார்டுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே தரவு ஓடும் பாதையில் எத்தனை பிசிஐஇ லேன்களைக் கார்டு பயன்படுத்துகிறது என்பதையும் கவனியுங்கள். 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே லேன்கள். பிசிஐஇ 3.0 மதர்போர்டில் செருகினால் அந்தப் பாதையும் பாதி வேகத்துக்கு வந்துவிடும். அதில் வீடியோ என்கோடரும் இல்லை. விளையாடிக்கொண்டே பதிவு செய்ய நினைப்பவர், வீடியோ எடிட்டிங்குக்கு வாங்குபவர் இதைத் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

சட்டம் எங்கே வருகிறது? ஒரே பெயரில் இரண்டு கார்டு விற்பதே குற்றம் என்று சொல்ல முடியாது, பெட்டியில் 6 ஜிபி என்று அச்சிட்டிருக்கிறார்களே. ஆனால் 8 ஜிபி என்று பட்டியலிட்டு 6 ஜிபி அனுப்பினாலும், ஜிடிடிஆர்5 என்று விளம்பரம் செய்து டிடிஆர்4 கொடுத்தாலும், பழையதைப் புதியதாக விற்றாலும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் நிற்கும். பொருளின் தரம், விலை பற்றி அறியும் உரிமையை அது தருகிறது. முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அந்தச் சட்டத்தின் பார்வையில் தவறான விளம்பரம்தான். பில் தர மறுப்பது முறையற்ற வணிகம். ஆன்லைனில் வாங்கியது விளம்பரத்தில் சொன்னபடி இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக்கூடாது என்று 2020இன் மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும்.

"நான் இதை வைத்துச் சம்பாதிக்கிறேன், நான் நுகர்வோரா?" என்று கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் கேட்கலாம். சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியிருந்தால் நீங்களும் நுகர்வோர்தான்.

வழக்கு நிற்பதற்கு ஆதாரம் வேண்டும். அதைச் சேர்க்க வேண்டியது பணம் கட்டும் நாளன்று. "ஆர்டிஎக்ஸ் 3050" என்று மட்டும் எழுதிய பில் பயன்படாது. பிராண்டு, முழு மாடல் எண், மெமரி அளவு, அதன் வகை, சீரியல் எண் எல்லாம் பில்லில் வரவேண்டும். "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிற கடைக்காரரிடம் அதையே எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும். ஆன்லைன் என்றால் பொருள் விவரப் பக்கத்தை வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், பின்னால் அது மாறிவிடலாம். பார்சலைப் பிரிப்பதை முகவரிச் சீட்டிலிருந்து நிறுத்தாமல் படம்பிடியுங்கள். கார்டைப் பொருத்தியதும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் கோர், பிட் அகலம், மெமரி வகை, லேன் எல்லாம் ஒரே திரையில் தெரியும். பழைய சிப்பின் பயாஸை மாற்றிப் புதிய பெயர் சூட்டிய போலிகள் பலவற்றை அது போலி என்றே காட்டிக்கொடுக்கும்.

கடை மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கடுத்து மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இணையவழியாகவும் பதிவு செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும். வழக்குப் போட்டால் பலன் உண்டு என்பதற்கு உதாரணமும் இருக்கிறது. அமெரிக்காவில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 970 கார்டு விவகாரத்தில், 4 ஜிபியில் கடைசி அரை ஜிபி மெதுவாக ஓடியது வெளியே வந்ததும் வாங்கியவர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். 2016இல் ஏற்பட்ட சமரசத்தில் ஆளுக்கு 30 டாலர் தர என்விடியா ஒப்புக்கொண்டது.

இந்தப் பாதுகாப்பெல்லாம் வணிகரிடம் வாங்கும்போதுதான். தனிநபர் ஒருவரிடம் பழைய கார்டு வாங்கினால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் கைகொடுக்காது. அங்கே கார்டை அவர் கம்ப்யூட்டரிலேயே மாட்டச் சொல்லி, அரை மணி நேரம் கனமான விளையாட்டு ஒன்றை ஓட்டி, ஜிபியு-இசட் திரையையும் பார்த்த பிறகே பணத்தை எடுங்கள்.