மரம் இழுக்கப் பழைய டிராக்டர் வாங்கலாமா?

கையில் காசு இருக்கும்போது கவனிக்க வேண்டியவை!

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, பழவேற்காடு பக்கத்து மணல் நிலங்களில் சவுக்கும், உள்ளே தள்ளியிருக்கும் செம்மண், சரளை நிலங்களில் தைலமரமும் வைத்திருக்கும் விவசாயிகள் பலர். வெட்டு முடிந்து பணம் கைக்கு வந்ததும் பலருக்கும் ஒரே யோசனைதான் வருகிறது. ‘அடுத்த வெட்டுக்கு ஏற்றுக்கூலி, இழுப்புக்கூலி கொடுக்காமல், ஒரு பழைய டிராக்டரை வாங்கிப் போட்டால் என்ன?’

வெளிநாடுகளில் இந்த வேலைக்கென்றே ‘ஸ்கிட்டர்’ என்ற தனி இயந்திரம் இருக்கிறது. வெட்டிய மரத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, மறுமுனையைத் தரையில் இழுத்து வரும். முதுமலை தெப்பக்காடு யானைகள் முன்பு கூப்புகளில் செய்த வேலையும் மரம் இழுப்பதுதான். மூன்று, நான்கு வருடத்தில் வெட்டும் சவுக்குக்கு அவ்வளவு பெரிய இயந்திரம் தேவையில்லை. டிராக்டர், டிரெய்லர், தேவைப்பட்டால் ஒரு வின்ச் போதும். கேள்வி, அதைச் சொந்தமாக வாங்க வேண்டுமா என்பதுதான்.

முதலில் வேலை நாளை எண்ணுங்கள்!

மூன்று ஏக்கர் சவுக்கு. ஏக்கருக்கு 40 டன் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 120 டன். டிரெய்லருக்கு 4 டன் வீதம் ஏற்றினால் 30 நடை. தோட்டத்திலிருந்து லாரி நிற்கும் இடம் வரை ஒரு நாளைக்கு 6 நடை அடித்தால், 5 நாளில் வேலை முடிந்துவிடும். அதாவது, நான்கு வருடத்தில் டிராக்டருக்கு இருக்கும் மர வேலை வெறும் 5 நாள்தான். மீதி நாளெல்லாம் உழவு, சேறடிப்பு, எரு அடிப்பு என்று வேலை இருந்தால் மட்டுமே வாங்குவதில் அர்த்தம் உண்டு.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மரத்தை நின்ற நிலையிலேயே வியாபாரிக்குக் கொடுப்பவருக்கு வெட்டும் ஏற்றுதலும் வியாபாரி பொறுப்பு. அவருக்கு டிராக்டர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விலை பெரிதாக மாறாது. தானே வெட்டி, எடைமேடை வரை கொண்டு சேர்த்து, டன் கணக்கில் விற்பவருக்குத்தான் சொந்த வண்டி லாபம் தரும். குறைந்த நாள் வேலை இருப்பவர்கள், வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை உழவன் செயலியின் ‘இ-வாடகை’ மூலம் பதிவு செய்வது பற்றி விசாரிக்கலாம். அக்கம்பக்கத்து ஐந்தாறு தோட்டக்காரர்கள் சேர்ந்து வாங்குவதும் நல்ல வழி.

வண்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள்!

பழைய டிராக்டர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது பெயின்டையும் இன்ஜின் சத்தத்தையும்தான். மர வேலைக்கு முழு பாரமும் விழுவது பின்பக்கத்தில். அதனால் சோதனையைப் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

* டிரெய்லர் மாட்டும் ட்ராபார், ஹூக், பின் துளை மூன்றையும் பாருங்கள். துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் வண்டி அளவுக்கு மீறி பாரம் இழுத்திருக்கிறது. வெல்டிங் ஒட்டு இருந்தால், ஏன் உடைந்தது என்று கேளுங்கள்.

* கியர் ஆயில், பின் ஆக்சில் ஆயில் இரண்டையும் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சேறடித்த வண்டிகளில் சீல் தேய்ந்து இப்படி ஆகும். பொன்னேரி பக்கம் நெல் வயலில் ஓடிய வண்டி என்றால் இந்தச் சோதனையை விடவே கூடாது.

* இறால் பண்ணை, உப்பளம், கழிமுகம் பக்கம் ஓடிய வண்டியாக இருந்தால், ரிம், மட்கார்டு அடிப்பகுதி, போல்ட், வயரிங் எல்லாவற்றையும் சுரண்டிப் பாருங்கள். புதுப் பெயின்டுக்கு அடியில் உப்புத்துரு ஒளிந்திருக்கும்.

* ஹைட்ராலிக் லிப்டில் கலப்பையோ, ரோட்டவேட்டரோ மாட்டித் தூக்கி நிறுத்துங்கள். மளமளவென்று இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது.

* இடது, வலது பிரேக் இரண்டையும் தனித்தனியாகவும், இணைத்தும் மிதித்துப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் வண்டி, பாரத்தோடு சரிவில் இறங்கும்போது உருண்டுவிடும்.

* காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போங்கள். விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படலாம். சூடான பிறகும் நீலப் புகை விட்டுக்கொண்டே இருந்தால் ஆயில் எரிகிறது.

மணி மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதை மாற்றிவிட முடியும். கிளட்ச் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் ஆட்டம், சீட், டயர் ஆகியவை மீட்டரைவிட உண்மை பேசும். கூடவே ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். டயர், கிளட்ச், ஹைட்ராலிக் பம்ப் என்று மாற்ற வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு, அந்தச் செலவைக் கழித்துத்தான் விலை பேச வேண்டும்.

ஆந்திரா வண்டியா? பேப்பரைப் பாருங்கள்!

எல்லையைத் தாண்டினால் தடா, சூளூர்ப்பேட்டை, சத்தியவேடு. அதனால் கும்மிடிப்பூண்டி பக்கம் ஆந்திரப் பதிவெண் உள்ள வண்டிகள் விலைக்கு வருவதுண்டு. விலை மலிவாகத் தெரியலாம். ஆனால், அந்த மாநில வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று (படிவம் 28) இல்லாமல் இங்கே பதிவு மாற்ற முடியாது. வெளிமாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தமிழ்நாட்டு வண்டி என்றால் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்க வேண்டும். விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். கடனில் வாங்கிய வண்டியாக இருந்தால், கடன் முடிந்ததற்கான வங்கியின் சான்றோடு படிவம் 35-ம் தேவை. ‘எம்-பரிவாஹன்’ செயலியில் பதிவெண்ணைப் போட்டால் பல விவரங்கள் தெரிந்துவிடும். இன்ஜின் எண், சேஸிஸ் எண் இரண்டையும் ஆர்.சி-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டிரெய்லருக்குத் தனி ஆர்.சி உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள்.

பெயர் மாற்றாமல் ஓட்டுவது விற்றவருக்கும் ஆபத்து. ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. விவசாயத்துக்கென்று பதிவான டிராக்டரில் பக்கத்துத் தோட்டத்து மரத்தைக் கூலிக்கு ஏற்றினாலும் சிக்கல்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடலாம்.

உயிர் போகும் இடம்!

மரம் இழுக்கும்போது பெரும்பாலும் நடக்கும் தவறு, கயிறை எங்கே கட்டுவது என்பதில்தான். டாப் லிங்க்கிலோ, சீட்டுக்குப் பின்னால் உயரமான இடத்திலோ கட்டி இழுத்தால், மரம் ஒரு வேர்க்கட்டையில் சிக்கிய நொடியில் பின்சக்கரம் நின்றுவிடும். இன்ஜினின் வேகம் முன்பக்கத்தைத் தூக்கும். ஒன்றிரண்டு நொடியில் வண்டி பின்னால் கவிழ்ந்து, ஓட்டுபவர் மேல் விழும். குதிக்க நேரம் இருக்காது.

அதனால் கயிறோ, சங்கிலியோ எப்போதும் பின் ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் ட்ராபாரில்தான் கட்ட வேண்டும். கிளட்சை மெதுவாக விட வேண்டும். முன்பக்கம் எடைக்கட்டு இருக்கட்டும். பழைய வண்டியில் பாதுகாப்புக் கம்பி வளைவு இல்லையென்றால், அது வைக்கப்பட்ட வண்டியாகத் தேடுங்கள். வளைவு இருந்தால் சீட் பெல்ட்டும் போட வேண்டும். இழுக்கும் கயிறுக்கு நேர்கோட்டில் ஆள் நிற்கக் கூடாது; அறுந்தால் சாட்டை போல அடிக்கும்.

தைலமரத்தில் கூடுதல் கவனம்!

சவுக்கை வெட்டியபின் வேர்க்கட்டையையும் தோண்டி எடுத்துவிடலாம். தைலமரம் அப்படியல்ல; வெட்டிய அடிக்கட்டையிலிருந்து மறுதாம்பு துளிர்க்கும். மரத்தை அதன் மேல் இழுத்துப் போனால் பட்டை உரிந்து துளிர் வராமல் போகலாம். டிராக்டரை ஒரே பாதையில் மட்டும் ஓட்டி, கட்டைகளை ஆட்கள் மூலம் அந்தப் பாதைக்குக் கொண்டுவந்து ஏற்றுவது நல்லது. புதிதாக நடுபவர்கள், பத்துப் பன்னிரண்டு வரிசைக்கு ஒருமுறை டிராக்டர் போக இடைவெளி விட்டால் பின்னால் வசதி. 5-க்கு 5 அடி இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1,740 மரம் நிற்கும் தோட்டத்தில், பாதை விடாமல் வண்டி உள்ளே நுழையவே முடியாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வண்டியைப் பார்த்து, ஒரு மழையிலாவது சேற்றில் ஓட்டிப் பார்த்துவிட்டு, மிச்சப் பணத்தைக் கொடுக்கும்படி பேசிக்கொள்வது நல்லது. விற்பவர் அதற்குச் சம்மதித்தால், அவருக்கே அவர் வண்டி மேல் நம்பிக்கை இருக்கிறது என்று அர்த்தம்.