மாஸ்கோவை உருக்கிய மூன்று நிமிடம்

எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது, பியானோ ஆசிரியை ஒரே ஒரு பக்கம் கொண்ட இசைத்தாளை என் முன்னால் வைத்தார். ஜெர்மானிய இசையமைப்பாளர் ராபர்ட் ஷூமான் எழுதிய ‘டிராய்மராய்’. ஜெர்மன் மொழியில் ‘பகற்கனவு’ என்று பொருள்.

இரண்டே வாரத்தில் அதைப் பிழையில்லாமல் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். ஆண்டிறுதியில் மாணவர்கள் பெற்றோர் முன்னிலையில் வாசிக்கும் சிறிய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதில் அதையே வாசித்தேன். ஒரு ஸ்வரம்கூடத் தவறவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். அப்பா கைப்பேசியில் காணொளி எடுத்தார். கீழே இறங்கியதும் ஆசிரியை, “எல்லாம் சரியாக இருந்தது. ஆனால், அந்த உச்சி ஸ்வரத்தில் நீ நிற்கவே இல்லையே,” என்றார். தவறே செய்யாத என்னிடம் குறை கண்டுபிடிக்கிறாரே என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு ஆறாம் நிலைத் தேர்வை முடித்தேன். சாதாரண நிலைத் தேர்வு நெருங்கியது. பலரையும் போல நானும் பியானோ வகுப்பை நிறுத்திவிட்டேன்.

சென்ற பருவத்தில், பல்கலைக்கழகத்தில் இருபதாம் நூற்றாண்டு வரலாறு குறித்த பாடம் ஒன்றை எடுத்திருந்தேன். பனிப்போர் பற்றிய விரிவுரையின் நடுவே விரிவுரையாளர் ஒரு பழைய காணொளியைத் திரையிட்டார். பெரிய அரங்கு. மேடையில் கறுப்புப் பியானோ. அதன்முன் மெலிந்த முதியவர் ஒருவர். அவர் வாசித்த முதல் இரண்டு ஸ்வரங்களைக் கேட்டதுமே மேசைமேல் இருந்த என் விரல்கள் தாமாக அசைந்தன. அதே டிராய்மராய்!

கேமரா பார்வையாளர் பக்கம் திரும்பியது. ஆடவர் ஒருவரின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது வந்தது பொறாமை. அதே ஸ்வரங்களைத்தானே நானும் வாசித்தேன்? அவர் வாசித்தால் மட்டும் ஏன் அழுகிறார்கள்? அந்தக் கேள்விக்கு விடை தேடிப் படித்ததில் தெரிந்துகொண்டவற்றை இங்கே பகிர்கிறேன்.

61 ஆண்டுகளுக்குப் பின் திரும்பியவர்

அந்த முதியவர் விளாடிமிர் ஹாரோவிட்ஸ். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ கலைஞர்களில் ஒருவர். 1903ல் உக்ரேனின் கியவ் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1925ல், இளையராக இருந்தபோதே, சோவியத் ஒன்றியத்தைவிட்டு ஜெர்மனிக்குச் சென்றார். அதன்பின் தாயகம் திரும்பவில்லை. 1944ல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். அவர் மீண்டும் அந்த மண்ணை மிதிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அவருடைய பெற்றோர் இறந்துவிட்டனர்.

1985 நவம்பரில் அமெரிக்க அதிபர் ரானல்ட் ரேகனும் சோவியத் தலைவர் மிகாயில் கோர்பசோவும் ஜெனீவாவில் சந்தித்தனர். இரு நாடுகளுக்கும் இடையே கலைப் பரிமாற்றம் மீண்டும் தொடங்க அச்சந்திப்பு வழிவிட்டது. அதன் பலனாக, 1986 ஏப்ரல் 20ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மாஸ்கோ இசைக் கல்லூரியின் பெரிய அரங்கில் ஹாரோவிட்ஸ் வாசிக்க ஏற்பாடானது. அப்போது அவருக்கு வயது 82. நியூயார்க்கில் வீட்டில் வைத்திருந்த தமது ஸ்டைன்வே பியானோவையும் அதைச் சுருதி சேர்ப்பவரையும் உடன் அழைத்துச் சென்றார்.

சூழ்நிலை அவ்வளவு இணக்கமாக இல்லை. நிகழ்ச்சிக்கு ஐந்து நாள்களுக்கு முன்புதான் அமெரிக்கா லிபியா மீது குண்டு வீசியிருந்தது. இரு வல்லரசுகளுக்கும் இடையிலான உறவு மீண்டும் கசந்திருந்தது. அரங்கின் இருக்கைகளில் பெரும்பகுதி அதிகாரிகளுக்கும் அழைக்கப்பட்டவர்களுக்கும் போய்விட்டது. பொதுமக்களுக்குக் கிடைத்த நுழைவுச்சீட்டுகள் மிகச் சில.

அன்று ஹாரோவிட்ஸின் கார் உள்ளே செல்ல வாயிற்கதவு திறந்தபோது, வெளியே காத்திருந்த நூற்றுக்கணக்கான இளையர்கள் காவலர்களைத் தாண்டி உள்ளே புகுந்தனர். அவர்களில் இசை மாணவர்கள் பலர். ஏறக்குறைய நம் வயதுக்காரர்கள். தங்கள் பெற்றோர் பிறப்பதற்கு முன்பே நாட்டைவிட்டுப் போன ஒருவரை நேரில் கேட்பதற்காக அவர்கள் அப்படி ஓடினார்கள். அதுவரை அவரை அவர்கள் இசைத்தட்டுகளில் மட்டுமே கேட்டிருந்தனர்.

ஸ்கார்லட்டி, மோட்ஸார்ட், ரக்மனினோவ், ஸ்கிரியாபின், ஷூபர்ட், லிஸ்ட், ஷோப்பான் என நிகழ்ச்சி நீண்டது. முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. ரசிகர்கள் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி ஹாரோவிட்ஸ் மீண்டும் அமர்ந்தார். தம் திறமையைக் காட்ட, மின்னல் வேக இசை எத்தனையோ அவர் கையில் இருந்தது. ஆனால், அவர் முதலில் எடுத்தது டிராய்மராய். இடைநிலை மாணவர்களும் வாசிக்கக்கூடிய அந்த ஒரு பக்கம்!

‘கீறல் விழுந்த பழம்பொருள்’

அந்த மேடைக்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு நடந்ததைப் படித்தபோதுதான் ஹாரோவிட்ஸ் எனக்கு நெருக்கமானார்.

1983ல் அவர் முதன்முறையாக ஜப்பான் சென்றார். நுழைவுச்சீட்டுகளின் விலை மிக அதிகம். எதிர்பார்ப்பும் அதே அளவு. ஆனால், அப்போது அவர் உட்கொண்டுவந்த மருந்துகள் அவருடைய நினைவாற்றலையும் விரல்களையும் பாதித்திருந்தன. தோக்கியோ மேடையில் தவறுக்குமேல் தவறு. ஜப்பானின் மதிப்புமிக்க இசை விமர்சகர் ஒருவர் அவரைக் கீறல் விழுந்த பழம்பொருளோடு ஒப்பிட்டு எழுதினார்.

எண்பதை நெருங்கிய ஒருவர் அத்துடன் ஒதுங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஹாரோவிட்ஸ் மேடையைவிட்டு விலகினார். மருந்துகளை விட்டார். 1985ல் மீண்டும் மேடையேறினார். மறு ஆண்டு மாஸ்கோ. அதே 1986ல் தோக்கியோவுக்கும் திரும்பச் சென்று வாசித்தார்.

மேடை அவரை அச்சுறுத்தியது அது முதல் தடவை அன்று. 1953 முதல் 1965 வரை, பன்னிரண்டு ஆண்டுகள், அவர் பொதுமேடையில் வாசிக்கவே இல்லை. 1965 மே மாதம் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் திரும்ப வந்தபோது, தொடக்கத்திலேயே பிசகான ஸ்வரங்கள் விழுந்தன. ஆனாலும் தொடர்ந்து வாசித்தார். பெரிய கலைஞர்களுக்குப் பயம் இருக்காது என்று நான் நினைத்திருந்தேன்.

ஒரு விரலுக்கு மட்டும் கூடுதல் ஒலி

சரி, அந்த ஸ்வரங்களில் அவர் அப்படி என்னதான் செய்தார்?

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் கம்பியைத் தட்டும். தட்டிய கணத்திலிருந்து ஒலி தேயத் தொடங்கிவிடும். வயலினிலோ குரலிலோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டே வளர்க்கலாம். பியானோவில் அது நடக்காது. எவ்வளவு வேகமாகச் சுத்தியல் தட்டவேண்டும், எந்தக் கணத்தில் தட்டவேண்டும், எப்போது ஒலியை நிறுத்தவேண்டும், மிதிகட்டையை எப்போது அழுத்தவேண்டும் ஆகியவைதாம் வாசிப்பவர் கையில் உள்ளவை. தேய்ந்துகொண்டே போகும் ஒலிகளை வைத்து, ஒருவர் பாடுவது போன்ற உணர்வை அவர் உண்டாக்கவேண்டும்.

டிராய்மராயில் பெரும்பாலும் நான்கு குரல்கள் ஒன்றோடொன்று பின்னி நகர்கின்றன. ஒரே கையின் ஐந்து விரல்களில் ஒரு விரல் மட்டும் சற்று உரக்கவும் மற்றவை மெல்லவும் ஒலிக்க வேண்டும். அடுத்த வரியில் அந்தப் பொறுப்பு வேறு விரலுக்குப் போகலாம். தவறில்லாமல் வாசிப்பது இதில் முதல் படி மட்டுமே.

காணொளியில் ஹாரோவிட்ஸின் கைகளைக் கவனியுங்கள். விரல்கள் வளையாமல், கட்டைகளின்மீது ஏறக்குறையப் படுத்தே கிடக்கின்றன. உடம்பு ஆடுவதில்லை. முகத்தில் பாவனை இல்லை. ஒவ்வொரு முறையும் மெட்டு மேலே ஏறும்போது சற்றுத் தயங்கி ஏறுகிறார். முடிவை நெருங்கும்போது கடைசி முறையாக ஏறி, உச்சியில் ஒரு ஸ்வரத்தைத் தொடுகிறார். இசைத்தாளில் அந்த ஸ்வரத்தின்மீது ஷூமான் நிறுத்தக் குறி ஒன்றை இட்டிருக்கிறார். வழக்கமான கால அளவைத் தாண்டி அங்கே நிற்கவேண்டும் என்று அதற்கு அர்த்தம். எவ்வளவு நேரம் என்பது வாசிப்பவரின் விருப்பம்.

ஹாரோவிட்ஸ் அங்கே நின்றார். என் ஆசிரியை சொன்னதும் அந்த ஸ்வரத்தைத்தான்.

கேட்டவர்கள் கொண்டுவந்தது

ஆனால், விரல் நுட்பம் மட்டுமே அந்தக் கண்ணீருக்குக் காரணமாக இருக்க முடியாது. இன்னொரு செய்தி எனக்குக் காத்திருந்தது.

ஷூமான் இந்த இசையை 1838ல் எழுதினார். ‘குழந்தைப் பருவக் காட்சிகள்’ என்ற 13 சிறு படைப்புகளின் தொகுப்பில் இது ஏழாவது. பெரியவர் ஒருவர் தம் சிறுவயதைத் திரும்பிப் பார்ப்பதுபோல அமைந்த தொகுப்பு அது. அறுபது ஆண்டுகளுக்குமேல் ஊரைப் பிரிந்திருந்தவர் ஊர் திரும்பி அதை வாசிக்கிறார். அதன் பொருளை அரங்கில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கவேண்டிய தேவை இல்லை.

அதோடு, சோவியத் மக்களுக்கு இந்த இசை வேறொரு வகையிலும் பழக்கமானது. இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் சுமார் 2 கோடியே 70 லட்சம் மக்களை இழந்ததாக மதிப்பிடப்படுகிறது. ஒவ்வோர் ஆண்டும் மே 9ஆம் தேதி, வெற்றி நாளன்று, மாண்டவர்களுக்காக ஒரு நிமிட மௌன அஞ்சலி ஒளிபரப்பாகும். அதில் ஒலித்த இசை டிராய்மராய். ஸ்டாலின்கிராட் போர் நடந்த வோல்கோகிராட் நகரில் 1967ல் திறக்கப்பட்ட நினைவகத்தின் அணையா விளக்கு மண்டபத்திலும் அதே இசைதான் ஒலிக்கிறது. ஜெர்மனியுடன் நடந்த போரில் இறந்தவர்களை நினைக்க, ஒரு ஜெர்மானியரின் இசை!

1986ல் அந்த அரங்கில் அமர்ந்திருந்த ஐம்பது, அறுபது வயதுக்காரர்கள் அந்தப் போரைக் கண்டவர்கள். வீட்டில் யாரையாவது பறிகொடுத்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர் இருந்திருப்பர். அவர்கள் வெறுங்கையோடு வந்து அமரவில்லை. ஆளுக்கொரு நினைவைக் கொண்டுவந்திருந்தார்கள். ஹாரோவிட்ஸ் அந்த நினைவு எழுவதற்கு இடம் கொடுத்தார். அவசரப்படவில்லை, அழுத்திச் சொல்லவில்லை.

ஒரு கலைஞரைப் போற்றுகிறோம் என்றால், அவருடைய வேகத்தையும் துல்லியத்தையும் போற்றுகிறோம் என்றே நான் நினைத்திருந்தேன். அவை ஹாரோவிட்ஸிடம் ஏராளமாக இருந்தன. ஆனால், அன்று மக்கள் அழுதது அவர் அவற்றை ஒதுக்கிவைத்த மூன்று நிமிடத்தில். வாசிப்பவர் பாதி, கேட்பவர் பாதி என்றால்தான் அந்தக் கண்ணீர் எனக்குப் புரிகிறது.

ஒன்றேமுக்கால் நிமிடம்

அப்பாவின் பழைய கைப்பேசியில் என் காணொளியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். மொத்தம் ஒன்றேமுக்கால் நிமிடம். உச்சி ஸ்வரம் வருகிறது, போகிறது. அப்பாவிடம் காட்டினேன். “சீக்கிரம் முடிச்சிட்டு இறங்கணும்னு உன் மூஞ்சிலயே தெரியுதும்மா,” என்று சிரித்தார்.

அவர் சொன்னது சரி. தேர்வு அறையில் இருப்பதுபோலத்தான் அன்றும் வாசித்தேன். தவறு நேர்ந்துவிடக் கூடாது என்பது மட்டுமே மனத்தில் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவர்களைப் பற்றி நான் நினைக்கவே இல்லை. பியானோவில் மட்டுமல்ல, பேச்சுப் போட்டியிலும் வகுப்புப் படைப்புகளிலும்கூட எனக்கு இந்தப் பழக்கம் உண்டு.

சென்ற வாரம் எங்கள் வீவக வீட்டு வரவேற்பறையில் தூசு படிந்திருந்த பியானோவைத் திறந்தேன். விரல்கள் ஒத்துழைக்கவில்லை. மூன்று இடங்களில் தவறினேன். ஆனால், உச்சி ஸ்வரத்தில் நின்றேன். சமையலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா பாத்திரம் கழுவி முடித்துவிட்டாரா, கேட்பதற்காக நிறுத்தினாரா என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த மாஸ்கோ நிகழ்ச்சி ‘மாஸ்கோவில் ஹாரோவிட்ஸ்’ என்ற பெயரில் இசைத்தொகுப்பாகவும் படமாகவும் வெளிவந்தது. நீங்களும் தேடிப் பாருங்கள். மேற்கத்திய இசை பற்றி எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேரில் கேட்க விரும்பினால், நம் பல்கலைக்கழக இசைக் கல்லூரி மாணவர்கள் படைக்கும் நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு அனுமதி இலவசம். மேடையில் இருப்பவர் உங்கள் வயதினராகவே இருக்கக்கூடும்.

கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு மூன்று நிமிடம் கேளுங்கள். கேட்பவராக உங்கள் பங்கும் அதில் இருக்கிறது.