பட்டு சூட்டிலிருந்து கல்லுப்பட்டி குடில் வரை... ஜே.சி.குமரப்பா போட்ட `போதும்' கணக்கு!

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக ராஜபாளையம் போகும் பஸ்ஸில் ஏறினால், சுமார் 40 கிலோமீட்டரில் டி.கல்லுப்பட்டி வந்துவிடும். கரிசல் மண்ணும் மானாவாரி விவசாயமுமான ஊர். அங்கே இருக்கும் காந்தி நிகேதன் ஆசிரமத்தை, 1940-ல் சுதந்திரப் போராட்ட வீரர் கோ.வேங்கடாசலபதி தொடங்கினார்.

லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், மும்பையில் சொந்தமாக ஆடிட்டிங் நிறுவனம் நடத்தியவர், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் வாங்கியவர் ஒருவர், தன் கடைசிக் காலத்தைக் கழிக்க இந்த ஆசிரமத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சொத்து சேர்க்கவில்லை. சின்னக் குடில், கதர் உடை, புத்தகங்கள். அவ்வளவுதான்.

அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை குமரப்பா. `ஜே.சி.குமரப்பா' என்றால் பலருக்கும் `காந்தியப் பொருளாதார அறிஞர்' என்பது நினைவுக்கு வரும். அவர் கடைசி வரை ஆழ்ந்த நம்பிக்கை கொண்ட கிறிஸ்தவர் என்பதும், `போதும்' என்று அவர் வாழ்ந்த வாழ்க்கைக்கு வேர் அந்த நம்பிக்கையில்தான் இருந்தது என்பதும் அதிகம் பேசப்படுவதில்லை.

சம்பளம் ஏறினாலும் நிம்மதி ஏறவில்லையே என்று புலம்பும் நம் தலைமுறைக்கு, கணக்கிலேயே ஊறிய இந்த மனிதர் சொல்வதற்கு நிறைய வைத்திருக்கிறார்.

சூட் கசங்கிய நாள்!

1892 ஜனவரி 4-ம் தேதி தஞ்சாவூரில் பிறந்தவர் குமரப்பா. அப்போது அவர் பெயர் ஜோசப் செல்லத்துரை கார்னீலியஸ். அப்பா பொதுப்பணித் துறையில் அதிகாரி. வசதியான, ஒழுக்கமான கிறிஸ்தவக் குடும்பம். லண்டனில் படித்துவிட்டு 1919-ல் நாடு திரும்பி, மும்பையில் ஆடிட்டராக நல்ல வருமானத்தோடு வாழ்ந்தார். உடையிலிருந்து பேச்சு வரை எல்லாமே ஆங்கிலேய பாணி.

1927-ல் மேற்படிப்புக்காக அமெரிக்கா போனார். அங்கே சிராக்யூஸ் நகரத்தில் ஒரு தேவாலயத்தில் பேச அழைத்தார்கள். `இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது?' என்பது தலைப்பு. அந்தப் பேச்சு பத்திரிகையில் செய்தியாக வந்தது. அதைப் படித்த கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் செலிக்மன், `இதையே ஆய்வாகச் செய்யுங்கள்' என்று தூண்டினார். பிரிட்டிஷ் அரசின் வரவு செலவுக் கணக்குகளை ஒரு ஆடிட்டரின் கண்ணோடு புரட்டிய குமரப்பாவுக்கு உண்மை உறைத்தது. ஏழை கட்டும் வரி, அந்த ஏழைக்காகச் செலவாகவில்லை.

அந்த ஆய்வை வெளியிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் 1929 மே 9-ம் தேதி சபர்மதி ஆசிரமத்துக்குப் போனார். சந்திப்பு மதியம் இரண்டரை மணிக்கு. கொஞ்சம் முன்பே போய்விட்டதால், ஆற்றங்கரைப் பக்கம் நடந்தார். மரத்தடியில், சாணம் மெழுகிய தரையில் உட்கார்ந்து ஒரு பெரியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். இவர் கைத்தடியை ஊன்றியபடி நின்று வேடிக்கை பார்த்தார். சிறிது நேரத்தில் அந்தப் பெரியவர், `நீங்கள்தானே குமரப்பா?' என்று விசாரித்தபோதுதான், எதிரே இருப்பவர் காந்தி என்றே புரிந்தது.

பட்டு சூட் கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். யாரோ நாற்காலி கொண்டுவந்தார்கள். காந்தி தரையில் இருக்கும்போது தனக்கு நாற்காலி வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அதன் பிறகு அவர் மும்பைத் தொழிலுக்குத் திரும்பவில்லை. `கார்னீலியஸ்' போய், குடும்பத்தின் பழைய பெயரான `குமரப்பா' வந்தது. அவரின் ஆய்வை `யங் இந்தியா' இதழில் காந்தி தொடராக வெளியிட்டார். குஜராத்தில் மாத்தர் தாலுகாவின் 54 கிராமங்களில் பொருளாதார ஆய்வு நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

மூன்று அணா கணக்கு

பெயரை மாற்றினார், உடையை மாற்றினார். மதத்தை மாற்றவில்லை. சொல்லப்போனால், இயேசுவை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

1930-ல் உப்பு சத்தியாகிரகம் நடந்தபோது, இந்தியாவின் ஆங்கிலிக்கன் தலைமைப் பேராயராக இருந்த ஃபாஸ் வெஸ்ட்காட் சட்டமறுப்பை ஆதரிக்கவில்லை. குமரப்பா அவரோடு பகிரங்கமாக வாதாடினார். அகிம்சையோடு அநீதியை எதிர்ப்பவன் இயேசுவின் வழியில்தானே நடக்கிறான் என்பது அவர் கேள்வி.

வேதத்தில் இயேசு, காணிக்கைப் பெட்டியில் இரண்டே காசு போட்ட ஏழை விதவையைப் பாராட்டுவார். அந்த இரண்டு காசுக்கு என்ன மதிப்பு கொடுக்க வேண்டும் என்பதை குமரப்பா வேலையில் காட்டினார். 1934 ஜனவரியில் பீகாரைப் பெரிய பூகம்பம் உலுக்கியது. நிவாரண நிதிக் கணக்கைப் பார்க்கும் பொறுப்பு குமரப்பாவுக்கு. தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று அணாதான் செலவு என்று வரையறுத்தார். காந்தி தன் குழுவோடு வந்தபோது, அந்த வரம்புக்குள் செலவு அடங்கவில்லை. `கூடுதல் செலவை நிவாரண நிதியிலிருந்து தர முடியாது' என்று மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்திக்கே விதிவிலக்கு இல்லை. விஷயம் காந்தியிடம் போனது. அவரும் அதை ஏற்றுக்கொண்டார்.

குமரப்பாவின் விசுவாசம் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடவில்லை. திங்கட்கிழமை கணக்குப் புத்தகத்திலும் அது இருந்தது.

சிறையில் கிடைத்த மனரம்மியம்

கிறிஸ்தவ வீடுகளில் புழங்கும் அழகான சொல் ஒன்று உண்டு: மனரம்மியம். எந்த நிலைமையிலும் மனம் நிறைந்திருப்பது. புனித பவுல் பிலிப்பியருக்கு எழுதிய கடிதத்தில் வரும் சொல் அது. அந்தக் கடிதத்தை அவர் எழுதியபோது இருந்த இடம், சிறை. மனரம்மியம் தனக்குப் பிறவியிலேயே வந்தது என்று பவுல் சொல்வதில்லை. கற்றுக்கொண்டதாகத்தான் சொல்கிறார்.

குமரப்பாவும் தன் முக்கியமான இரண்டு புத்தகங்களைச் சிறையில்தான் எழுதினார். `வெள்ளையனே வெளியேறு' போராட்டக் காலத்தில் ஜபல்பூர் சிறையில் அடைக்கப்பட்டார். உடல்நிலை மோசமானது. அந்த நாள்களில் பிறந்தவை, `இயேசுவின் செயலும் போதனையும்' என்ற நூலும், `நிலைத்த பொருளாதாரம்' என்ற நூலும். இரண்டுமே ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. இரண்டுக்கும் காந்தி முன்னுரை எழுதினார்.

முதல் நூலின் தலைப்பில் `போதனை'க்கு முன்னால் `செயல்' வருவதைக் கவனியுங்கள். இயேசு சொன்னதைவிட, வாழ்ந்து காட்டியதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது குமரப்பாவின் கட்சி. தச்சராக உழைத்தவர், சீடர்களின் கால்களைக் கழுவியவர், அன்றன்றைக்குத் தேவையான ஆகாரத்தை மட்டும் கேட்டு ஜெபிக்கக் கற்றுத்தந்தவர். அந்த ஜெபத்தைச் சொல்லிவிட்டு, அடுத்தவரின் ஆகாரத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டால் அது என்ன விசுவாசம்?

இந்தக் கேள்வியின் நீட்சியாகத்தான் இரண்டாவது நூலைப் படிக்க வேண்டும். இயற்கையிலிருந்து ஐந்து வகைப் பொருளாதாரத்தைக் குமரப்பா எடுத்துக்காட்டுகிறார்.

ஆட்டைக் கொன்று தின்னும் புலி, கொடுப்பவரையே அழித்து வாழ்கிறது. தோப்புக்குள் புகும் குரங்கு, தான் நடாத மரத்தின் பழத்தைப் பறித்துத் தின்கிறது. கூடு கட்டும் பறவை, தன் உழைப்பில் தன் தேவையைத் தீர்த்துக்கொள்கிறது. தேனீ, தனக்காக மட்டுமின்றிக் கூட்டத்துக்காகவும் உழைக்கிறது. ஐந்தாவது, குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை. திரும்ப எதையும் எதிர்பார்க்காமல் கொடுக்கிறது. இந்தக் கடைசி வகையைத்தான் தமிழில் `தாய்மைப் பொருளாதாரம்' என்று சொல்கிறோம். குமரப்பாவின் கணக்கில் உச்சம் அதுதான். அந்த நிலையை நெருங்க நெருங்க, வாழ்க்கை நிலைக்கும், வன்முறை குறையும்.

நிலக்கரி, பெட்ரோல் போன்றவை எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இருப்பு. ஓடும் நீர், வளரும் மரம் போன்றவை தொடர்ந்து கிடைக்கும் வரவு. தீர்ந்துபோகும் ஒன்றின் மேல் வாழ்க்கையைக் கட்டினால், அதைக் காப்பாற்றிக்கொள்ள சண்டைதான் மிஞ்சும் என்று 1940-களிலேயே எழுதிவைத்தார்.

`உயர்ந்த வாழ்க்கைத் தரம்', `தாழ்ந்த வாழ்க்கைத் தரம்' என்று பேசுவதே தவறு என்பது அவர் சொன்ன இன்னொரு விஷயம். `சிக்கலான வாழ்க்கை', `எளிய வாழ்க்கை' என்றுதான் சொல்ல வேண்டுமாம். பொருள்கள் கூடினால் வாழ்க்கை உயர்ந்துவிடாது, சிக்கல்தான் கூடும். மாதம் பிறந்ததும் வீட்டுக் கடன், பைக் கடன், போன் கடன் என்று வரிசையாக வரும் குறுஞ்செய்திகளைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஏழைக்கு `போதும்' என்று உபதேசிக்கலாமா?

`போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து' என்பது நமக்குப் பழகிய பழமொழி. ஆனால், அதில் ஓர் ஆபத்தும் உண்டு. காலங்காலமாக அதை இல்லாதவரிடமே சொல்லி வாயடைத்திருக்கிறார்கள். பக்தியைச் சொல்லி பசியை மறக்கச் சொல்வதும் நடந்திருக்கிறது.

குமரப்பா அதைச் செய்யவில்லை. அவர் `போதும்' என்று சொன்னது இருப்பவர்களிடம். சுதந்திரத்துக்குப் பிறகு, காங்கிரஸ் அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்கு அவர்தான் தலைவர். 1949-ல் வந்த அந்தக் குழுவின் அறிக்கை, நிலம் உழுபவருக்கே சொந்தமாக வேண்டும், இடைத்தரகர்கள் ஒழிய வேண்டும், ஒருவர் வைத்திருக்கும் நிலத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று சொன்னது. ஒரு குடும்பம் கௌரவமாகப் பிழைக்கத் தேவையான நிலம் எவ்வளவோ, அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் யாருக்கும் கூடாது என்று கணக்கும் போட்டுக் கொடுத்தது.

புதிய இந்தியா வேறு பாதையில் போனது. பெரிய ஆலைகள், பெரிய திட்டங்கள் என்று டெல்லி ஓடியது. கிராமத் தொழில்களுக்காக வார்தாவில் வருடக்கணக்கில் உழைத்த குமரப்பாவின் குரல் மெல்ல மெல்ல ஓரம் கட்டப்பட்டது. அவர் முன்கோபக்காரர் என்று உடன் பழகியவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஏமாற்றமும் கோபமும் அவருக்கு நிறையவே இருந்தன. ரத்த அழுத்தம் வேறு பாடாய்ப்படுத்தியது.

`இவரையா மனநிறைவுக்கு உதாரணமாகச் சொல்கிறீர்கள்?' என்று கேட்கலாம். ஆம், இவரைத்தான். மனநிறைவு என்றால் எப்போதும் சிரித்த முகமாக இருப்பது என்று நாமே நினைத்துக்கொள்கிறோம். குமரப்பாவுக்கு உலகத்தின் மேல் கோபம் இருந்தது. தன் வாழ்க்கையின் மேல் குறை இருந்ததாகத் தெரியவில்லை. விட்டுவந்த மும்பைக்கோ, பதவிக்கோ அவர் ஏங்கவில்லை. தனக்கென்று எதுவும் தேவைப்படாதவராக இருந்ததால்தான், மற்றவர்களுக்காக அவ்வளவு துணிச்சலாகக் கோபப்பட முடிந்தது.

மதுரை மண்ணில் இன்னொருவர்

இதே மதுரை வட்டாரத்தில் அப்படி வாழ்ந்த இன்னொரு கிறிஸ்தவர், ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான். 1925-ல் அமெரிக்க மதுரை மிஷனுக்காக இங்கு வந்தவர். காந்தி வைஸ்ராய்க்கு எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த ரெஜினால்ட் ரெனால்ட்ஸை, 1930-ல் மதுரையில் தன் வீட்டில் தங்கவைத்தார். விளைவு, நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. மீண்டும் வந்தார். மீண்டும் வெளியேற்றப்பட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு திரும்பி வந்து, கதர் உடுத்தி, திண்டுக்கல் பக்கத்து காந்திகிராமத்தோடும் கிராம மக்களோடும் வாழ்க்கையைக் கரைத்துக்கொண்டார். வசதிக்காக மட்டும் வாழ நினைத்திருந்தால், அவர் பிறந்த அமெரிக்காவிலேயே இருந்திருக்கலாம்.

எஜமானரின் எஜமானர்

1950-களில் கல்லுப்பட்டிக்கு வந்துசேர்ந்த குமரப்பா, கடைசி வரை இந்த ஆசிரமத்தோடு இருந்தார். 1960 ஜனவரி 30-ம் தேதி காலமானார். காந்தி சுட்டுக்கொல்லப்பட்டதும் அதே ஜனவரி 30-ம் தேதிதான், 12 வருடங்களுக்கு முன்பு.

கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு பயிற்சி இருக்கிறது. மாதக் கடைசியில் செலவுக் கணக்கு பார்க்கும்போது, `எவ்வளவு செலவானது?' என்பதோடு நிறுத்தாமல், `இந்தப் பொருளை நான் வாங்கியதால் யார் வாழ்ந்தார்கள், யார் நொந்தார்கள்?' என்றும் ஒருமுறை கேட்டுப்பார்க்கலாம். நாம் புலியா, குரங்கா, பறவையா, தேனீயா, தாய்ப்பறவையா என்பது அந்தப் பதிலில் தெரிந்துவிடும். ஒரே மாதத்தில் யாரும் தாய்ப்பறவை ஆகிவிடப் போவதில்லை. ஒரு படி ஏறினாலே போதும்.

கல்லுப்பட்டி குடிலின் சுவரில் குமரப்பா படங்கள் மாட்டிவைத்திருந்ததாகச் சொல்வார்கள். வருகிறவர்களிடம் காந்தியின் படத்தைக் காட்டி, `இவர் என் எஜமானர்' என்பாராம். பிறகு, கோவணம் கட்டிய ஏழை விவசாயி ஒருவரின் படத்தைக் காட்டி, `இவர் என் எஜமானரின் எஜமானர்' என்பாராம். சின்னவர்களான இவர்களுக்குச் செய்ததெல்லாம் தனக்கே செய்தது என்று இயேசு சொன்னதை, குமரப்பா அப்படித்தான் புரிந்துகொண்டிருந்தார்.