பாத்ரூம் ஜாலியில் குமிழி வந்தால்

மாடியில் கக்கூஸில் தண்ணீர் ஊற்றும்போது கீழ்வீட்டு பாத்ரூம் தரையின் ஜாலியில் குபுகுபுவென்று குமிழி வருகிறதா? வாஷிங் மெஷின் தண்ணீரைத் தள்ளும்போது அதே ஜாலியில் சோப்பு நுரை பொங்குகிறதா? அப்படியானால் அடைப்பு பாத்ரூமில் இல்லை. வீட்டுக் கழிவெல்லாம் சேர்ந்து போகும் நாலு இஞ்ச் மெயின் பைப்பில் இருக்கிறது. சமையலறைத் தொட்டி மட்டும் நின்றால் அது அந்தக் கிளைப் பைப்போடு போகிற விஷயம். இரண்டு மூன்று இடங்களில் ஒரே நேரத்தில் தண்ணீர் தேங்கினால் மெயினைத்தான் பார்க்க வேண்டும்.

ஜாலிக்குக் கீழே உள்ள நஹானி ட்ராப்பில் சுமார் இரண்டு அங்குலத் தண்ணீர் எப்போதும் நிற்கும். கழிவின் வாயு வீட்டுக்குள் வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். மெயின் பைப்பில் சாதாரணமாகக் கீழ்ப்பாதியில் கழிவு ஓடும், மேல்பாதியில் காற்று இருக்கும். அடைப்பு விழுந்துவிட்டால் மேலிருந்து இறங்கும் தண்ணீர் அந்தக் காற்றை நெருக்குகிறது. காற்று வேறு வழியில்லாமல் வீட்டிலேயே தாழ்வாக உள்ள ட்ராப்பின் தண்ணீரைக் கிளப்பிக்கொண்டு வெளியேறுகிறது. முதலில் குமிழி, பிறகு நாற்றம், கடைசியில் கழிவுநீர். குமிழியிலேயே விழித்துக்கொண்டால் வேலை பாதி மிச்சம்.

முதல் காரியம், தண்ணீரை நிறுத்துவது. மாடித் தொட்டி வால்வை மூடிவிட்டு, குடியிருக்கும் எல்லாரிடமும் சொல்லிவிடுங்கள். அடுத்து, வெளியே உள்ள சேம்பர்களைத் திறந்து பாருங்கள். மூடியைத் தூக்கியதும் முகத்தை உள்ளே நீட்டாமல் கொஞ்ச நேரம் விலகி நிற்க வேண்டும். தீக்குச்சி, லைட்டர் கூடவே கூடாது. உள்ளே மீத்தேன் இருக்கலாம், அது தீப்பிடிக்கும். வெளிச்சத்துக்கு டார்ச் போதும்.

வீட்டை ஒட்டிய சேம்பர் காய்ந்து கிடந்தால், அடைப்பு அதற்கும் வீட்டுக்கும் நடுவில். அது நிரம்பி, அடுத்தது காலியாக இருந்தால், இரண்டுக்கும் நடுவில். எல்லாமே தளும்பி நின்றால் செப்டிக் டேங்கோ, அதைத் தாண்டிய உறிஞ்சுகுழியோதான் காரணம். உசிலம்பட்டி போன்ற ஊர்களில் பெரும்பாலான வீட்டுக் கழிவு டேங்குக்குத்தான் போகிறது என்பதால் இந்தக் கடைசி நிலை நமக்கு முக்கியம். அதிலும் கரிசல் மண் உள்ள பக்கங்களில் ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலம் தண்ணீரை ஏற்காது. உறிஞ்சுகுழி நிரம்பி, டேங்க் பின்னோக்கித் தள்ளும். அதே மண் கோடையில் வெடித்துச் சுருங்குவதால் பைப் மூட்டுகள் இறங்கிவிடுவதும் உண்டு. நாற்பது அடிக்கு ஓர் அடி வாட்டம் வைத்துப் போட்ட பைப் நடுவில் தொய்ந்தால், அந்தப் பள்ளத்தில்தான் எல்லாம் தங்கும்.

தங்குவது எது? கறிக்குழம்புச் சட்டியின் கொழுப்பும் பொரித்த எண்ணெயும் முதன்மையானவை. சூடாக ஊற்றும்போது ஓடும், பைப்பில் ஆறியதும் உறையும். பிறகு தண்ணீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கெட்டிச் சோப்பாகிவிடும். 2017இல் லண்டனின் வைட்சேப்பல் பகுதிச் சாக்கடையில் இப்படித் திரண்ட கட்டி 250 மீட்டர் நீளம், 130 டன் எடை. நம் பைப்பில் அதோடு தேங்காய் நார், தலைமுடி, ஷாம்பு பாக்கெட், உப்பிப் பெருகும் நாப்கின் எல்லாம் சேர்கின்றன. வேம்போ அரசோ பக்கத்தில் நின்றால் மூட்டு வழியாக வேரும் நுழையும்.

இரண்டு சேம்பருக்கு நடுவிலான அடைப்பை மூங்கில் பிளாச்சோ, திருகி இணைக்கும் கம்பியோ விட்டு எடுக்கலாம். கைக்கு ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். திருகுக் கம்பியை எப்போதும் வலப்பக்கமாகவே சுற்ற வேண்டும். இடப்பக்கம் சுற்றினால் மூட்டு கழன்று பாதிக் கம்பி உள்ளேயே நின்றுவிடும். அடைப்பு விட்டதும் கழிவு ஒரே இரைச்சலாகப் பாயும். அப்போது கீழ் சேம்பரில் வந்து விழும் குப்பையை அள்ளிவிடாவிட்டால் அடுத்த பைப்பில் போய் மறுபடி அடைக்கும். ஆசிட் ஊற்றாதீர்கள். அது துணியையும் நாப்கினையும் கரைக்காது, தேங்கி நின்று பின்னால் கம்பி விடுகிறவர் மேல் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

டேங்க் நிரம்பியிருந்தால் நம் கைவேலை அதோடு முடிந்தது. உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குபவர் அங்கேயே சாய்கிறார், அவரைத் தூக்கப் போனவரும் சாய்கிறார். 2022 ஏப்ரலில் மதுரை நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் விஷவாயு தாக்கி மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். டேங்குக்குள் ஆளுக்குப் பதிலாக இறக்குவதற்கென்றே சென்னை ஐஐடி ஹோமோசெப் என்ற இயந்திரத்தை உருவாக்கியிருக்கிறது.

கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்பில்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய யாரையும் அமர்த்துவது குற்றம். வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. போன உயிருக்கு அது ஈடாகாது.

இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லாரி வைத்து டேங்கை உறிஞ்சி எடுத்துவிட்டால் இந்த நிலை பெரும்பாலும் வராது. அப்படியும் வந்துவிட்டால், "நான் இறங்கிப் பார்க்கிறேன் அண்ணே" என்று யார் வந்து நின்றாலும் மூடியைத் திறந்து கொடுக்காதீர்கள். கழிவுநீர் அகற்றும் உதவி எண்ணான 14420க்குப் பேசி வண்டியை வரச் சொல்லுங்கள்.