கனடா தேசத்துப் பூர்வகுடிகளும் ஸர்க்கார் விவசாயத் திட்டமும்

ஜனங்களை முன்னேற்றுவதாகச் சொல்லும் திட்டமொன்று அவர்களுடைய சொந்த முயற்சியைத் தடுக்குமாயின் பலன் யாதாகும் என்பதற்குக் கனடா தேசத்துச் சரித்திரம் தக்க உதாரணமாகும்.

அத்தேசத்தின் மேற்குப் புல்வெளிகளில் கிரீ முதலிய பூர்வகுடிகள் காட்டெருமையை வேட்டையாடி ஜீவித்து வந்தனர். 1874, 1876-ம் வருஷத்து உடன்படிக்கைகளைக் காட்டி ஸர்க்கார் அப்பெருநிலத்தைத் தம் வசமாக்கினர். அதற்கீடாக ஒதுக்கு நிலங்களும் கலப்பை, மாடு, விதை முதலியனவும் தருவதாக வாக்களித்தனர். சில வருஷங்களுள் காட்டெருமை அற்றுப்போகவே, விவசாயமே அவர்களுக்குக் கதியாயிற்று.

அவர்கள் அதில் ஊக்கத்துடனேயே இறங்கினர். பல குடும்பத்தார் பணம் சேர்த்து அறுவடை இயந்திரங்களைப் பொதுவில் வாங்கினர். ஐக்கிய சங்கங்கள் போதிக்கும் முறையும் இதுவேயன்றோ? ஆனால் ஹேய்டர் ரீட் என்னும் மேலதிகாரி, பொதுவில் உழைப்பது குலக்கட்டைப் பலப்படுத்துமென்று கருதினார். 1889 முதல் நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாகப் பிரிக்கவும், கைக்கருவிகளைக் கொண்டே அறுத்துப் போரடிக்கவும் உத்தரவாயிற்று. பயிர்க்காலம் குறுகிய அந்நாட்டில் அறுவடை தாமதித்தால் உறைபனி விளைவைக் கெடுத்துவிடும். அயலிலிருந்த வெள்ளைக் குடியானவர்களுக்கோ இத்தடை இல்லை.

விளைந்ததை விற்பதற்கும் சுதந்திரமில்லை. 1881-ம் வருஷத்துச் சட்டப்படி, ஸர்க்கார் ஏஜெண்டின் அனுமதியின்றித் தானியம் விற்கலாகாது. 1885-க்குப் பின், ஒதுக்கு நிலத்தை விட்டு வெளியே செல்லவும் சீட்டுப் பெறவேண்டியதாயிற்று. இதற்குச் சட்டத்தின் ஆதாரமே கிடையாது.

குழந்தைகளின் கதி இதனினும் கொடிது. ஸர்க்கார் பொருளுதவியுடன் கிறிஸ்தவ சபைகள் நடத்திய விடுதிப் பள்ளிகளில், அவர்களது தலைமயிர் கத்தரிக்கப்பட்டது. தாய்மொழி பேசினால் தண்டனை கிடைத்தது. குலதர்மம் மறந்து கிறிஸ்து மதம் கற்கவேண்டியிருந்தது. 1920-ல் இத்தகைய பள்ளிகளுக்குப் பிள்ளைகளைக் கட்டாயமாக அனுப்பச் சட்டம் இடங்கொடுத்தது. சுமார் 1,50,000 பிள்ளைகள் அவற்றிற் சேர்க்கப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் அங்கேயே மாண்டனர்.

1897-ல் ரீட் பதவி நீங்கியபின் கைக்கருவி விதி கைவிடப்பட்டது. ஆயினும் அதற்குள் பலர் மனந்தளர்ந்து விவசாயத்தை விட்டிருந்தனர். விற்பனைத் தடையும் பள்ளிகளும் வெகுகாலம் நீடித்தன. 2008-ல் கனடாவின் பிரதம மந்திரி அப்பள்ளிகளுக்காகப் பார்லிமெண்டில் மன்னிப்புக் கோரினார். 2015-ல் விசாரணைக் கமிஷன் அதனைப் பண்பாட்டுப் படுகொலை என்றே தீர்மானித்தது.

கலப்பையும் விதையும் அளித்தால் மட்டும் குடியானவன் உயரான். எதைப் பயிரிடுவது, யாருடன் கூடுவது, எங்கே விற்பது என்பவற்றை அவனே தீர்மானிக்கும் உரிமையும் அவனுக்கு வேண்டும். கிராமச் சேவையில் ஈடுபடுவோர் இதனை மறவாதிருத்தல் நலம்.