பாட்டி சொன்னா... நோட்ல ஏத்து!

நாளைக்கு செமஸ்டர் எக்ஸாம். தொண்டை கரகர, மூக்கு ஒழுகல். நீங்க என்ன பண்ணுவீங்க? மெடிக்கல் ஷாப்புக்கு ஒரே ஓட்டம்! உங்க பாட்டியா இருந்தா? கொல்லைப் பக்கம் போய் நாலு கற்பூரவல்லி இலையைக் கிள்ளிட்டு வந்திருப்பாங்க.

கொல்லை இல்லையா? திருச்சி தென்னூர் உழவர் சந்தைக்கு ஒருநாள் காலையில பாட்டியோட போய்ப் பாருங்க. சளிக்குத் தூதுவளை ரசம், மூட்டுவலிக்கு முடக்கத்தான் தோசை, வயிறு உப்புசத்துக்கு ஓமத் தண்ணின்னு கீரைக்கடை முன்னாடியே கிளாஸ் எடுப்பாங்க. அவங்களுக்கு எல்லாம் மனப்பாடம். நமக்கோ இலையோட பேரே தெரியாது!

மஞ்சள் சொன்ன பாடம்

காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துட்டாங்க. 'இது எங்க பாட்டி வைத்தியமாச்சே'ன்னு கத்தினா போதுமா? எழுத்துல ஆதாரம் வேணுமே! நம்ம சி.எஸ்.ஐ.ஆர்., பழைய நூல்கள், ஆய்வுக் கட்டுரைகள்னு 32 ஆதாரங்களைத் தேடிக் கொடுத்தது. 1997ல் காப்புரிமை ரத்து. யாரோ எழுதி வெச்சது காப்பாத்துச்சு!

அயர்லாந்துல இதை ஸ்கூல் பசங்களே செஞ்சாங்க. 1937 முதல் 1939 வரை, சுமார் 50 ஆயிரம் மாணவர்கள் வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு, ஊர்க் கதைகளோட நாட்டு வைத்தியத்தையும் நோட்டுல எழுதினாங்க. அந்தப் பக்கங்களை இன்னிக்கு இணையத்துல யார் வேணும்னாலும் படிக்கலாம்.

நீங்க ரெடியா?

செடியோட பேர், எந்தப் பாகம், எவ்வளவு, எத்தனை நாள், யாருக்கு ஆகாது... எல்லாத்தையும் கேட்டு எழுதுங்க. செடி அடையாளத்துல சந்தேகமா? பாட்டனி படிக்கிற ஃபிரெண்டைப் பிடிங்க. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967ல் தொடங்கிய ராபினட் ஹெர்பேரியத்தில், உலர்த்திப் பாதுகாத்த செடி மாதிரிகள் ஏராளம்.

கடைசிப் பக்கத்துல சிவப்பு மையால ஒண்ணு எழுதுங்க: விடாத காய்ச்சல், மூச்சுத்திணறல், மஞ்சள் காமாலை, பாம்புக்கடி... இதுக்கெல்லாம் நேரா ஆஸ்பத்திரி! தீக்காயத்துல மாவு, பேஸ்ட் எதுவும் வேண்டாம். 20 நிமிஷம் குழாய்த் தண்ணியில காட்டுங்க. ஒரு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்குத் தேன் கூடாது. 'இது நம்ம கைக்கு மீறினதுடா'ன்னு சொல்லத் தெரிஞ்ச பாட்டிதான் நல்ல வைத்தியர்.

அப்புறம் என்ன? இந்த ஞாயித்துக்கிழமை செல்போனை சைலன்ட்ல போட்டுட்டு பாட்டி பக்கத்துல உட்காருங்க. நோட்டு எங்கேயும் போகாது. பாட்டிதான் எப்பவும் இருக்க மாட்டாங்க!